படங்களுக்கு மாற்று உரை எழுதும் முறை

பாகாலாவை உள்ளடக்கிய பழைய சித்தூர் மாவட்டப் பகுதியில் தோத்தாபுரி மா முக்கியப் பயிராகும். 2025-இல் அதன் விலை வீழ்ச்சியடைந்தபோது, கிலோவிற்கு 12 ரூபாய் கிடைக்க ஆந்திரப் பிரதேச அரசு ஏற்பாடு செய்தது. இதில் 8 ரூபாய் ஆலைகளின் பங்கு. 4 ரூபாய் அரசு மானியம். இத்தகைய அறிவிப்பொன்று இணையதளத்தில் படமாக மட்டும் ஏற்றப்பட்டால், பார்வையற்ற உழவர் அதை அறிவது எங்ஙனம்?

இக்குறையை நீக்குவதே மாற்று உரை. படத்துடன் இணைத்து எழுதப்படும் இச்சிறு குறிப்பைத் திரைவாசிப்பு மென்பொருள் உரக்கப் படிக்கும். கூகுள் போன்ற தேடுபொறிகளும் படத்தின் பொருளை அறிய இதனைப் பயன்படுத்துகின்றன. ஆகவே ஒரே முயற்சியில் இரு பயன்கள் விளைகின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பார்வைக் குறைபாடுடையோர் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009-இலேயே வெளியிடப்பட்டன. மின்னணு வழி அணுகல் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை:

1. படம் தரும் செய்தியை எழுதுக. "அறிவிப்புப் படம்" என்பது பயனற்றது. "தோத்தாபுரி மா: கிலோவிற்கு ஆலை விலை 8 ரூபாய், அரசு மானியம் 4 ரூபாய்" என்பதே பயன் தரும். விவரம் மிகுதியாயின், அதனைப் பக்கத்திலேயே எழுத்து வடிவில் தருக.

2. இடமறிந்து எழுதுக. பாகாலா சந்திப்பு நிலையத்தின் படம், பயணக் கட்டுரையில் "பாகாலா சந்திப்பு நிலையத்தின் நடைமேடை" எனப்படலாம். அதே படம் கால அட்டவணைக்குச் செல்லும் இணைப்பாயின், "பாகாலா இரயில் நேரங்கள்" என்றே குறிக்க வேண்டும்.

3. அலங்காரப் படங்களுக்கு மாற்று உரையை வெறுமையாக விடுக.

4. "மா, மாம்பழம், மலிவு மாம்பழம்" எனத் தேடுசொற்களை அடுக்கலாகாது. கேட்பவருக்கு அது சலிப்பூட்டும். தேடுபொறியும் அதனை முறைகேடாகக் கருதக்கூடும்.

5. காலத்திற்கேற்பத் திருத்துக. 2022 ஏப்ரல் 4 முதல் பாகாலா திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. பழைய படங்களின் குறிப்பிலும் இம்மாற்றம் இடம்பெற வேண்டும்.

படத்தைக் காண இயலாத ஒருவருக்குத் தொலைபேசியில் அதனை விளக்குவதாக எண்ணி எழுதினால் போதும். அவருக்குத் தெளிவாவது தேடுபொறிக்கும் தெளிவாகும். விலை அறிவிப்பு எவருக்காக வெளியிடப்படுகிறதோ, அவரைச் சென்றடைந்த பின்னரே அது அறிவிப்பாகிறது.