பூடிக்காவும் ஜான்சி ராணியும்

கேள்வி: ரோமானியரை எதிர்த்த உள்ளூர்க் கலகங்களுக்கும் வெள்ளையரை எதிர்த்த நம் கலகங்களுக்கும் ஒற்றுமை உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. பூடிக்காவையும் ஜான்சி ராணியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கிழக்கு இங்கிலாந்தில் ஐசெனி குல அரசர் பிரசுடாகஸ், தன் இரு மகள்களோடு ரோமப் பேரரசர் நீரோவையும் வாரிசாக்கி உயில் எழுதினார். ஒரு பங்கைக் கொடுத்தால் மீதி பிழைக்கும் என்ற கணக்கு! ரோமானியர் முழுவதையும் விழுங்கினார்கள். விதவை ராணி பூடிக்காவுக்குச் சவுக்கடி; மகள்களுக்கு அதைவிடக் கொடுமை. கி.பி. 60-61ல் அவர் படை கொல்செஸ்டரையும் லண்டனையும் கொளுத்தியது. அந்தச் சாம்பல் அடுக்கு, லண்டனில் தோண்டும்போது இன்றும் தென்படுகிறது. கடைசிப் போரில் தோற்றார்.

ஜான்சியிலும் வாரிசுத் தகராறுதான். 1853ல் ராஜா கங்காதர ராவ் இறந்ததும், சுவீகாரப் பிள்ளை செல்லாது என்று கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி ராஜ்ஜியத்தைச் சுருட்டிக்கொண்டார். ஒப்பீட்டை ரொம்ப இழுக்க வேண்டாம். ராணி லட்சுமிபாய் வாளெடுக்கும் முன் மனு மேல் மனு போட்டுப் பார்த்தவர்.

வேடிக்கை என்னவென்றால், ஜான்சி பறிபோன அதே 1850களில்தான் சிற்பி தாமஸ் தார்னிகிராஃப்ட் பூடிக்காவுக்குச் சிலை வடிக்கத் தொடங்கினார். 1902 முதல் அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அருகே, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தடியில் நிற்கிறது.