நின்றபடியே குடிக்கும் வண்டி

கேள்வி: ஓய்வு பெற்றபின் 2021 மாடல் டீசல் வேன் ஒன்றை வாங்கிக் கேரவனாக மாற்றியிருக்கிறேன். இரண்டு படுக்கை, சின்னச் சமையல் மேடை, கூரையில் கேரியர், 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. திருவண்ணாமலை, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் என்று மாதம் ஒருமுறையாவது நானும் வீட்டுக்காரம்மாவும் கிளம்பிவிடுவோம். முன்பெல்லாம் லாட்ஜில் தங்குவோம். ஒரு வருடமாக அந்தச் செலவு மிச்சம் என்று வண்டியிலேயே படுக்கை. புழுக்கம் தாங்காமல் இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு ஏ.சி. போட்டுக்கொள்கிறோம். பத்தரை கொடுத்த வண்டி இப்போது லிட்டருக்கு எட்டு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. டேஷ்போர்டு 10 காட்டுகிறது. மருமகன் வாங்கித் தந்த புளூடூத் கருவியை மாட்டினால் செல்போன் 5 காட்டுகிறது! ஒர்க்‌ஷாப்பில் நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும், எண்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, புகையும் இல்லை. ஃபெஞ்சல் புயலின்போது வாசலில் நின்ற வண்டியின் சக்கரம் பாதி முங்கியது. அதனால் ஏதாவது இருக்குமா? எதைத்தான் நம்புவது?
— ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: முதலில் அந்த எண்பதாயிரத்தை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். இன்ஜெக்டர் கெட்டிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால், அதைச் சந்தேகிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு நிறைய இருக்கின்றன.

மூன்று எண் எழுதியிருக்கிறீர்கள்: 5, 10, 8. செல்போனின் 5 வெறும் பொய். பல செயலிகள் டீசல் அளவை நேரடியாகப் படிப்பதில்லை. இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று பார்த்து, அதை 14.7-ஆல் வகுத்து, இவ்வளவு எரிபொருள் என்று முடிவு கட்டிவிடுகின்றன. பெட்ரோல் வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவிலேயே அது பெரும்பாலும் ஓடும். டீசல் இன்ஜின் காற்றை அப்படி எண்ணி எண்ணி எடுப்பதில்லை. வேண்டிய மட்டும் இழுத்துக்கொண்டு, தேவைக்குத் தகுந்தாற்போல் டீசலை மட்டும் கூட்டிக் குறைக்கும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது ஒரு கிலோ டீசலுக்கு 25, 30 கிலோ காற்று போகும். ஐட்லிங்கில் இன்னும் பல மடங்கு. அந்தக் காற்றை 14.7-ஆல் வகுத்தால் நிஜத்தைப் போல இரண்டு மடங்கு டீசல் செலவானதாகத்தான் தெரியும். பத்து ஐந்தாகிவிடும். செயலியின் அமைப்பில் எரிபொருள் ‘டீசல்’ என்று இருக்கிறதா பாருங்கள். மாற்றியபிறகும் மைலேஜுக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். மருமகனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், கருவி வேறு வேலைக்கு உதவும், பிறகு சொல்கிறேன்.

டேஷ்போர்டின் 10 பொய்யில்லை, பாதி உண்மை. இவ்வளவு டீசலைப் பீய்ச்சு என்று கம்ப்யூட்டர் இட்ட கட்டளையைத்தான் அது கூட்டிக் காட்டுகிறது. உண்மையில் பீய்ச்சியது கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். நூற்றுக்கு ஐந்து, பத்து வித்தியாசம் சகஜம். ஆனால் பத்துக்கும் எட்டுக்கும் இடைவெளி அதைவிடப் பெரிது. பல வண்டிகளில் அந்தச் சராசரி ஒவ்வொரு தடவை சாவி போடும்போதும் புதிதாகத் தொடங்கும். அப்படியானால் காலையில் புறப்படும்போது முந்தைய இரவின் கணக்கு காணாமல் போயிருக்கும்.

அந்த இரவில்தான் விஷயம் இருக்கிறது. இந்த அளவு இன்ஜின் ஏ.சி.யோடு ஐட்லிங்கில் நின்றால் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். வேளாங்கண்ணி போய்வர, ஊர் சுற்றலையும் சேர்த்து 400 கி.மீ. என்று வையுங்கள். ஓடும்போது லிட்டருக்குப் பத்து கி.மீ. கொடுத்தால் 40 லிட்டர். ராத்திரி எட்டு, ஒன்பது மணி நேரம் நின்றபடி குடித்தது ஒன்பது லிட்டர். மொத்தம் 49. நானூறை 49-ஆல் வகுத்தால் எட்டு சொச்சம். உங்கள் எண் வந்துவிட்டது. இன்ஜெக்டரை யாரும் தொடவேயில்லை. டீசல் லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது. ஒன்பது லிட்டருக்கு எண்ணூறு ரூபாய்க்குக் குறையாது. மிச்சம் பிடித்ததாக நீங்கள் நினைத்த லாட்ஜ் வாடகை டேங்க் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பணம் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. உங்களுடையது 2021 மாடல், அதாவது 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டி. அதன் சைலன்ஸர் வரிசையில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும், மெக்கானிக்குகள் டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துவிட வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் சூடு 600 டிகிரி செல்சியஸை ஒட்டி வர வேண்டும். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீராக ஓடினால் நடந்துவிடும். ஐட்லிங்கில் கரி சேரும், சூடு சேராது. சூட்டை ஏற்றுவதற்காகக் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசல் பீய்ச்சும். அந்த நேரம் பார்த்து நீங்கள் சாவியைத் திருப்பிவிட்டால் எரிப்பு பாதியில் நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் முன்னைவிட ஏறியிருந்தால், பரவாயில்லை, ஆயில் குறையவே இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள். டீசல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். உடனே மாற்ற வேண்டியது அந்த ஆயிலைத்தான்.

இதே சூட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் விழுப்புரம் பக்கம் கிராமத்துச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் உளுந்தையும் எள்ளையும் தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். அந்தச் சருகு வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டால் பழைய வண்டியிலேயே பயம், டி.பி.எஃப். எரியும் நேரத்தில் கேட்கவே வேண்டாம். காய்ந்த புல்மேலும் வைக்கோல் ஓரத்திலும் நிறுத்தாதீர்கள்.

புகை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பி.எஸ். 6 வண்டிக்கு அது நற்சான்று ஆகாது. கரும்புகையை வடிகட்டி விழுங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ‘புகையைப் பார்த்தே சொல்லிடுவேன்’ என்கிற எங்கள் தலைமுறை மெக்கானிக்கின் பெருமை இந்த வண்டிகளிடம் செல்லாது. (நானும் அந்தப் பெருமையை விட ரொம்ப நாள் ஆயிற்று.)

உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்தில் தெரியாது. டீசல் இன்ஜினில் அந்த வாயு குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. தண்ணீர்க் குழாய்க்கும் வயருக்கும் தளத்தில் ஓட்டை போட்டிருப்பார்களே, அவற்றை ரப்பர் வைத்து அடைத்திருக்கிறார்களா என்று படுத்துப் பாருங்கள். அந்த வாயுவுக்கான அலாரம் ஒன்றைப் படுக்கைப் பக்கம் மாட்டுங்கள். இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓட, கதவைச் சாத்திக்கொண்டு இனி ஒரு இரவுகூடத் தூங்காதீர்கள்.

அப்படியானால் புழுக்கத்துக்கு என்ன வழி? பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட்தான் எடுக்கும். சாதாரண லித்தியம் பேட்டரியில் ராத்திரி முழுக்க ஓடும். மார்கழித் திருவண்ணாமலைக்கு அது போதும். ஏ.சி.தான் வேண்டுமென்றால் 12 வோல்ட், 400 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியும் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி.யும் வையுங்கள். ஐந்து யூனிட் மின்சாரம். ஆறு மணி நேரம் தாங்கும். ஓடும்போது ஆல்டர்னேட்டர் வழியாக அதை நிரப்ப என் கணக்கில் இரண்டு லிட்டர் டீசல்கூட முழுதாக ஆகாது. ஒன்பதும் இரண்டும் ஒன்றா? முதலீடு பெரிதுதான். கத்திரி வெயிலுக்கு மட்டும் என்றால், பேசாமல் லாட்ஜே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஓடும்போது ஆகிற செலவு. எல்லாரும் முதலில் தண்ணீர்த் தொட்டியைத்தான் குறை சொல்வார்கள். 200 கிலோ சுமையால் நெடுஞ்சாலையில் கூடும் டீசல் நூற்றுக்கு இரண்டு பங்குதான். உண்மையான எதிரி காற்று. உங்கள் வண்டி அடிப்படையில் ஒரு பீரோவைப் படுக்கவைக்காமல் நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. வேகம் கூடக் கூட காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். நாலு டன் வண்டிக்கு நான் போட்டுப் பார்த்ததில் 80-இல் பத்தரை கொடுப்பது 100-இல் எட்டுக்கு இறங்குகிறது. வாடகை வேன்காரர்கள் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் 80-ஐத் திட்டிக்கொண்டே ஓட்டினாலும், அவர்கள் டீசல் செலவைப் பிடித்துவைப்பது அதுதான். கூரைக் கேரியர் காலியாக இருந்தாலும் காற்றைப் பிடிக்கும், வேண்டாதபோது கழற்றிவிடுங்கள். (வண்டியின் உடலை மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைக் கேட்கும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள்.)

ஆடி மாதம் சென்னையிலிருந்து திண்டிவனம் திரும்பும்போது மேற்கே இருந்து வருகிற காற்று முகத்திலேயே அடிக்கும். எதிர்க்காற்று மணிக்கு 15 கி.மீ. இருந்தாலே 80 வேகத்தில் டீசல் கால் பங்கு கூடிவிடும். போகும்போது நல்ல மைலேஜ், வரும்போது மோசம் என்று பங்க்காரர்மேல் பழி போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மியே பறக்கும் என்கிற காற்று. கேரவன் எந்த மூலைக்கு?

வெள்ளத்தைப் பற்றி நீங்கள் கடைசியில் எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. அரசூர் பக்கம் நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. அதில் நனைந்த வண்டிகளில் பிரேக் காலிப்பரின் பின் துருப்பிடித்து, மிதியை விட்ட பிறகும் பட்டை கொஞ்சம் பிடித்தபடியே இருக்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது, மைலேஜுக்குத் தெரியும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை, நாற்பது கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தூரம், ஓட்டிவிட்டு இறங்கி நான்கு வீல் டிஸ்க்குக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட்டுவிடாதீர்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் ஜாம். ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும். வீல் பேரிங்கில் புது கிரீஸ், டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீர் இரண்டையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

இப்போது மருமகனின் கருவி. அதில் மைலேஜை மறந்துவிட்டு மூன்றை மட்டும் பாருங்கள். கூலண்ட் சூடு: ஓட ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் 80-ஐத் தாண்டி 90 பக்கம் நிற்க வேண்டும். 65, 70-லேயே சுற்றிக்கொண்டிருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது. இன்ஜின் குளிரிலேயே ஓடி டீசலைக் கூடக் குடிக்கும், வடிகட்டியின் கரியும் எரியாது. விலை குறைந்த பாகம், பலர் கவனிப்பதே இல்லை. அடுத்தது இன்டேக் அழுத்தம்: ஐட்லிங்கில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருப்பது, மயிலம் மலைக்கு ஏற அழுத்தும்போது 180, 200 என்று எகிற வேண்டும். எகிறாவிட்டால் டர்போவையே பிரிக்கச் சொல்வார்கள். அதற்கு முன் இன்டர்கூலர் ஓஸில் கிழிசல் இருக்கிறதா பாருங்கள். மூன்றாவது, ரெயில் அழுத்தம், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் பொதுக் குழாயின் அழுத்தம்: கம்ப்யூட்டர் கேட்டதும் கிடைத்ததும் கூடவே போக வேண்டும். அழுத்தும்போது கிடைப்பது பின்தங்கினால்தான் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் என்ற பேச்சு.

எட்டு என்ற எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். ஒரே பங்க், ஒரே முனை, தானாக வெட்டும்வரை ஃபுல் டேங்க்; அதற்குமேல் ரூபாயைச் சமன் செய்ய ஊற்றாதீர்கள். மூன்று டேங்க் தொடர்ந்து. நோட்டில் கிலோமீட்டர், லிட்டர் பக்கத்தில் இன்ஜின் நின்றபடி ஓடிய மணி நேரத்தையும் எழுதுங்கள். டயரை வேறு சைஸுக்கு மாற்றியிருந்தால் ஓடோமீட்டரே தப்பு சொல்லும். நெடுஞ்சாலைக் கல்லோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்து, நின்றபடி ஓட்டுவதையும் நிறுத்தி, மூன்றாவது டேங்கிலும் எட்டே வந்தால் ஒர்க்‌ஷாப் போங்கள். போனதும் ‘ரிட்டர்ன் டெஸ்ட் எடுங்கள்’ என்று கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு இன்ஜினைச் சில நிமிடம் ஓட விடுவார்கள். நான்கு பாட்டிலிலும் மட்டம் ஒன்றுபோல இருந்து, கம்பெனி சொல்லும் அளவையும் தாண்டாமல் இருந்தால், நான்கும் மாற்றவேண்டும் என்றவரிடமே அந்தப் பாட்டில்களைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு நிரம்பியிருந்தால், அந்த ஒன்றை மட்டும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள்.