பங்குச் சந்தையில் நஜ்ஷ்

"இரண்டு ரூபாய்ப் பங்கு. ஹலால் செயலியில் பச்சை காட்டுகிறது. வாங்கலாமா?" ஜும்ஆ முடிந்ததும் எங்களிடம் இப்படிக் கேட்கிறார்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி, அந்தக் கம்பெனி பத்து மடங்கு வளரும் என்கிறது. இன்னொன்று, அத்தனையும் மோசடி என்கிறது.

செயலி பார்ப்பது தொழிலையும் வட்டிக் கடனையும்தான். விலை எப்படி ஏறியது என்று அது பார்ப்பதில்லை. மார்க்கம் பார்க்கிறது. வாங்கும் எண்ணமின்றி, பிறரை ஏமாற்ற விலையை ஏற்றிக் கேட்பது நஜ்ஷ். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. சரக்கில் இல்லாத சிறப்பைச் சொல்லிப் புகழ்வதையும் ஃபிக்ஹ் அறிஞர்கள் இதில் சேர்த்துள்ளனர்.

2022 ஜூலையில், சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறு கம்பெனியை அதானி குழுமம் வாங்கப்போவதாக யூடியூபில் பொய்க் காணொளிகள் வந்தன. நம்பியவர்கள் வாங்க வாங்க விலை ஏறியது. முன்பே பங்கு வைத்திருந்தவர்கள் விற்று வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் செபி பலருக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இத்தகைய பங்கு லோயர் சர்க்யூட்டில் விழுந்தால் வாங்க ஆளிருக்காது. மகளின் நிக்காஹ்வுக்கு வைத்த பணமானாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

காதில் விழுந்த செய்தியைக் கம்பெனியே அறிவித்திருக்கிறதா என்று பங்குச் சந்தையின் இணையதளத்தில் பாருங்கள். கண்காணிப்பில் உள்ள பங்குகளின் பட்டியலும் அங்கே உண்டு. தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரிக்கச் சொல்கிறது அல்குர்ஆன் (49:6). விசாரிக்காமல் அதைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினால், பைசா போடாமலேயே நாமும் விலையை ஏற்றிவிட்டவர்களாகிறோம்.

செய்தியை அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம். எதை வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். அது எங்களுக்கும் தெரியாது.