உணர்ச்சியற்ற பாதமும் ஆறாத புண்ணும்

வலியை விரும்புவார் எவரும் இலர். பல்வலிக்குக் கிராம்பு, மூட்டு வலிக்குத் தைலம், தலைவலிக்கு மாத்திரை என்று அதனை விரட்டுவதற்கே நாம் வழி தேடுகிறோம். ஆயினும் நம் கிராமங்களில் கால் விரல்களையும், சில வேளைகளில் காலையே கூடவும், இழந்து நிற்போரில் பலர் வலி மிகுந்ததால் அவற்றை இழந்தவர்கள் அல்லர். வலி இல்லாமற் போனதால் இழந்தவர்கள். இது எவ்வாறு நேருகிறது என்பதை விவசாயிகளும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் அறிந்து கொண்டால், இத்தகைய இழப்புகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம்.

வரப்பின் மீது வெறுங்காலுடன் நடக்கும் ஒருவர் கருவேல முள்ளை மிதித்து விடுகிறார் என்று கொள்வோம். முள் தைத்த கணமே கால் மேலெழுந்து விடுகிறது. முள் தைத்தது என்பதை அவர் அறிவதற்கு முன்பே இது நிகழ்ந்து விடுகிறது. தோலிலுள்ள நரம்பு நுனிகள் செய்தியை முதுகுத் தண்டுக்கு அனுப்புகின்றன. முதுகுத் தண்டு, மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல், காலை இழுக்குமாறு தசைகளுக்குக் கட்டளையிட்டு விடுகிறது. ஏரிக்கரையில் உடைப்பு ஏற்பட்டால், தாலுகாக் கச்சேரியிலிருந்து உத்தரவு வரட்டும் என்று ஊரார் காத்திருப்பதில்லை அன்றோ?

வலி பின்னரே மூளைக்கு எட்டுகிறது. அதுவும் இரண்டு தவணைகளில். சற்றுத் தடித்த நரம்பிழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ‘சுருக்’ என்ற முதல் வலியைக் கொண்டு செல்கின்றன. மிக மெல்லிய இழைகள் நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைந்த வேகத்தில், பின்னால் வரும் கடுப்பைக் கொண்டு செல்கின்றன. முதல் வலி காலை எடுக்கச் சொல்கிறது. இரண்டாவது வலியோ, முள்ளைப் பிடுங்கிய பின்னரும் நிலைத்து நின்று, அந்த இடத்தில் சில நாள் பாரம் ஏற்றாதே என்று எச்சரிக்கிறது. அதனால்தான் நொண்டுகிறோம். நொண்டி நடப்பதை ஒரு குறையாகவே எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் புண்ணுக்கு உடல் தானே செய்து கொள்ளும் முதற் சிகிச்சை அதுதான்.

இச்செய்தி எப்போதும் அளவோடு வருவதில்லை என்பதையும் இங்கே கூற வேண்டும். காயம் ஆறிப் பல மாதங்கள் கடந்த பின்னரும் நரம்புகள் கூர்மை குறையாமல் சிறு அசைவுக்கும் வலியை அறிவித்துக் கொண்டே இருப்பது உண்டு. நாட்பட்ட இடுப்பு வலியில் பெரும்பாலும் இதுவே நிலை. இவ்வகை வலிக்குப் பாயில் படுத்தே கிடப்பது மருந்தாகாது. சிறிது சிறிதாக நடப்பதும், இயன்ற வேலைக்குத் திரும்புவதுமே பயன் தருகின்றன. அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். தொடு உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பிழைகள், வலிச்செய்தி முதுகுத் தண்டில் நுழையும் வாயிலையே ஓரளவு அடைத்து விடுகின்றன என்று மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் 1965-இல் இதற்கு விளக்கம் தந்தனர். ஆனால், இடுப்பு வலியுடன் காலில் மரமரப்போ பலக்குறைவோ தோன்றினாலும், சிறுநீர் கட்டுக்கடங்காமற் போனாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இனி, வலியே தோன்றாத நிலைக்கு வருவோம்.

தொழுநோயில் விரல்கள் குறைந்து போவதைக் கண்டவர்கள், கிருமி சதையைத் தின்றுவிடுகிறது என்றே நெடுங்காலம் நம்பி வந்தனர். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்லர். இந்நம்பிக்கையைத் தகர்த்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி நம் தமிழகத்திலேயே நடைபெற்றது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, லண்டனில் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட் அதனை முன்னின்று நடத்தினார். 1947-இல் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோயாளர் ஒருவரின் மடங்கிய கையைப் பற்றி, தம் கையை இறுக்குமாறு கேட்டார். அந்தக் கை இறுக்கிய வேகத்தில் அவருக்கே வலித்தது. அழுகிப் போனதாகக் கருதப்பட்ட கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? சில நரம்புகள் மட்டுமே செயலிழந்திருந்தன. ஏனைய தசைகள் நல்ல நிலையில் இருந்தன. நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நீட்டும் சிகிச்சை இதிலிருந்து பிறந்தது. அறுவைப் புண்களும் மற்றவர்க்கு ஆறுவது போலவே ஆறின.

அப்படியானால் விரல்கள் ஏன் குறைந்தன? வேலூரில் ஒரு நாள் துருப்பிடித்த பூட்டொன்றைப் பிராண்ட் திறக்க முயன்று இயலாமல் நின்றார். நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்து விட்டான். அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது. சாவி எலும்பு வரை வெட்டியிருந்தது. அவனோ அதனை அறியவே இல்லை. அடுப்பிலிருந்து சட்டியைத் துணியின்றி இறக்குவது, கைப்பிடி உடைந்த கருவியை அழுத்திப் பிடிப்பது, கொதிக்கும் தேநீர்க் குவளையைப் பற்றியிருப்பது என்று ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் தேடிய போது, ஏறத்தாழ ஒவ்வொன்றிற்கும் காரணம் கிட்டியது. காலையில் விழிக்கும்போது விரல் நுனி காணாமற் போயிருந்த சிலரை இரவில் காவலிருந்து பார்த்தனர். எலி வந்து கடித்துச் சென்றது. அதன் பின்னர், வீடு திரும்புவோர் ஒரு பூனையையும் உடன் கொண்டு செல்லுமாறு ஏற்பாடு செய்தனர். இதைக் கேட்டு நகைக்கத் தோன்றும். ஆனால் அந்நாளில் வேலூரில் தரப்பட்ட சிறந்த மருந்துகளில் இப்பூனையும் ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

கிருமி செய்யும் கேடு நரம்போடு நின்று விடுகிறது. உடலில் சற்றுக் குளிர்ச்சியான இடங்களையே அது நாடும். ஆதலால் முழங்கையின் உட்புறம், முழங்காலின் வெளிப்புறம், கணுக்காலின் உட்புறம் ஆகிய இடங்களில் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளே முதலில் தடித்துக் கெடுகின்றன. இந்நரம்புகள் உணர்ச்சியை மட்டும் தாங்குவன அல்ல. தசையை இயக்குவதும், வியர்வையைச் சுரக்கச் செய்வதும் அவற்றின் வேலையே. எனவே பாதம் மரத்துப் போவதோடு, விரல்கள் வளைந்து கொள்கின்றன; வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கிறது. அவ்வெடிப்பே பல புண்களுக்குத் தொடக்கம்.

நல்ல பாதம் உடையவர் பத்து மைல் நடந்தால், தம்மை அறியாமலே மிதிப்பை மாற்றிக் கொண்டே நடக்கிறார். ஓரிடம் நொந்தால் பாரத்தை வேறிடத்துக்குத் தள்ளுகிறார். உணர்ச்சியற்ற பாதமோ முதல் அடியை வைத்தவாறே ஆயிரமாவது அடியையும் வைக்கிறது. ஒரே எலும்பின் கீழ், ஒரே சதை மீண்டும் மீண்டும் நசுங்குகிறது. அங்கே முதலில் சூடு, பிறகு வீக்கம், பிறகு கொப்புளம், முடிவில் குழிப்புண். இப்புண்ணுக்குக் களிம்பை மட்டும் தடவிக் கொண்டு அதே காலில் நடப்பவருக்கு ஆண்டுக்கணக்கில் ஆறுவதில்லை. மாவுக் கட்டுப் போட்டு, அவ்விடத்தில் பாரம் விழாமற் செய்து, சீழ் பிடிக்காமலும் காத்தால், அதே புண் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதங்களில் ஆறிவிடுகிறது. குணப்படுத்தியது எது? நொண்டிக் காட்ட இயலாத காலுக்கு மாவுக் கட்டு அளித்த ஓய்வுதான்.

1966-இல் அமெரிக்காவுக்குச் சென்ற பிராண்ட், அங்கு இழந்த வலிக்கு மாற்றாக மின்சாரக் கருவி ஒன்றை அமைக்கவும் முயன்றார். கையில் அழுத்தம் மிகுந்தால் ஒலி எழுப்பும் கருவி முதலில் செய்யப்பட்டது. அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. உடலில் மின் அதிர்ச்சி தரும் கருவியைப் பொருத்தியபோது, ஆபத்தான வேலைக்குச் செல்லுமுன் அதனை நிறுத்தி விட்டனர். அம்முயற்சி கைவிடப்பட்டது. இயற்கை அளித்த வலியை நிறுத்தி வைக்க நம்மிடம் விசை இல்லை. அதன் சிறப்பே அதில்தான் உள்ளது.

இவை அனைத்தும் தொழுநோயைப் பற்றியவை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். இன்று நம் ஊர்களில் உணர்ச்சியற்ற பாதங்களுக்குப் பெருங்காரணமாக இருப்பது நீரிழிவு. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டு மிகுந்திருந்தால் நீண்ட நரம்புகளின் நுனி முதலில் கெடுகிறது. இரு பாதங்களிலும் விரல்களில் தொடங்கி மேலே ஏறுகிறது. எரிச்சல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற நிலை ஆகியவை தோன்றலாம்; எதுவுமே தோன்றாமல் மரத்துப் போவதும் உண்டு. காலில் இருந்த செருப்பு கழன்று விழுந்ததை அறியாமல் நடந்து செல்பவரை நாம் பார்த்திருப்போம். இரத்தக் குழாய்களும் சுருங்கிவிடுவதால் இவர்களின் புண் இன்னும் எளிதில் அழுகுகிறது.

கதிர் அரிவாள் மணிக்கட்டில் ஆழப் பாய்ந்து நரம்பு அறுபட்டவருக்கும் இது பொருந்தும். தைத்து இணைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளர்கிறது. விரல் நுனியை எட்ட ஐந்தாறு மாதங்களாவது ஆகும். அதுவரை அந்த விரல் சூட்டையும் வெட்டையும் அறியாது.

பாதம் தானே சொல்ல இயலாததைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும். இரவு படுக்குமுன் கால்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். கண் மங்கியவருக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். புறங்கையால் பாதத்தைத் தடவிப் பார்த்து, மற்ற இடங்களை விட ஓரிடம் சூடாக இருந்தால், புண் தோன்றுமுன்பே அக்காலுக்கு ஓய்வு தந்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெந்நீரின் சூட்டை மரத்த காலால் சோதிக்கக் கூடாது. வெறுங்காலுடன் வயலுக்கும் கோயிலுக்கும் செல்லும் வழக்கம் இவர்களுக்கு ஆகாது. உள்ளே மென்மையும் அடியில் உறுதியும் உள்ள, ஆணி அடிக்காத செருப்பே ஏற்றது. அணியுமுன் அதனைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பது நலம். கை மரத்தவர்கள் மண்வெட்டிக் காம்பில் துணியையோ, பழைய சைக்கிள் டியூபையோ தடிமனாகச் சுற்றிக் கொண்டால் பிடியின் அழுத்தம் பரவும். ஆணிக்கால் என்று எண்ணித் தாமே பிளேடால் அறுத்துக் கொள்வதை மட்டும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பஞ்சாயத்தாருக்கும் இதில் பணி உண்டு. தொழுநோயின் கிருமியை ஒழிக்கும் கூட்டு மருந்தை உலகச் சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் அது இலவசமாகக் கிடைக்கிறது. நாடு முழுவதையும் கணக்கிட்டால் பதினாயிரம் பேருக்கு ஒரு நோயாளர்க்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 இறுதியில் எட்டியது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் நம் நாட்டினரே. உணர்ச்சியற்ற தேமலை மறைப்பவர்கள் ஊராரின் வெறுப்புக்கு அஞ்சியே மறைக்கின்றனர். நரம்பு புதிதாக மரத்து ஆறு மாதங்களுக்குள் வந்தால் மருந்தால் உணர்ச்சி திரும்ப வாய்ப்பு உண்டு. மறைத்து வைத்துக் காலம் கடந்தால் அவ்வாய்ப்பு அரிது. ஆகவே தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பதை ஊரில் நிறுத்துவது மரியாதையைப் பற்றியது மட்டுமன்று. ஒருவரின் விரல்களையும் அது காக்கக்கூடும்.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரை மாத்திரையுடன் வீடு தேடி வரும்போது, பாதத்தையும் பார்க்குமாறு கேட்பதில் தவறில்லை. சோதனை எளிது. கண்ணை மூடச் செய்து, பந்துமுனைப் பேனாவின் நுனியால் உள்ளங்காலில் சில இடங்களை மென்மையாகத் தொட வேண்டும். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். காட்ட இயலாத இடம் ஒன்று இருந்தாலும் அவரை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்; புண் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.