கமிட் யார் கையில்?

அன்புள்ள கயல்,

இஜேபி பீன்களில் டிரான்ஸாக்‌ஷனை நாமே எழுதுவதா, கன்டெய்னரிடம் விடுவதா என்று கேட்டிருந்தாய். விட்டுவிடு. ஆனால் அது எப்போது கமிட் செய்யும், எப்போது ரோல்பேக் செய்யும் என்று தெரிந்துகொண்டு விடு.

நீ ஒன்றும் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு பிசினஸ் மெத்தடும் 'ரிக்வயர்ட்'தான். கூப்பிடுகிறவரிடம் டிரான்ஸாக்‌ஷன் ஓடிக்கொண்டிருந்தால் அதில் சேர்ந்துகொள்ளும். இல்லையென்றால் புதிதாகத் தொடங்கி, மெத்தட் முடியும்போது கமிட் செய்யும். மொத்தம் ஆறு வகை உண்டு. அன்றாட வேலைக்கு 'ரிக்வயர்ட்'டும், எப்போதும் தனி டிரான்ஸாக்‌ஷன் தொடங்கும் 'ரிக்வயர்ஸ் நியூ'வும் போதும். பணம் மாற்றுவது தோற்றாலும் யார் முயன்றார் என்ற ஆடிட் பதிவு நிற்க வேண்டுமானால் பின்னதைப் போடு. அந்த ஆடிட் மெத்தடை வேறொரு பீனில் வை. ஒரே கிளாஸுக்குள் நேராகக் கூப்பிட்டால் அழைப்பு கன்டெய்னர் வழியே போகாது. தலையில் எழுதிய அன்னோட்டேஷனுக்கு வேலையே இல்லை. (2006இல் இஜேபி 3.0 வரும்வரை இதையெல்லாம் எக்ஸ்எம்எல்லில் எழுதிக்கொண்டிருந்தோம். உனக்கு அந்தத் தொல்லை இல்லை.)

புதியவர்களைக் கவிழ்ப்பது அடுத்த விஷயம். ஒரு கணக்கில் 5,000 ரூபாய் கழித்தாயிற்று. இன்னொரு கணக்கில் வரவு வைக்கப் போனால் அது முடக்கப்பட்டிருக்கிறது. நீ ஒரு 'செக்டு' எக்ஸெப்ஷனை வீசுகிறாய். கன்டெய்னர் என்ன செய்யும்? கமிட் செய்யும்! கழித்தது கழித்ததுதான், வரவு எங்கும் இல்லை. ரன்டைம் எக்ஸெப்ஷனாக இருந்தால் தானே ரோல்பேக் செய்திருக்கும். செக்டு என்றால் பிசினஸ் விவகாரம், நீயே பார்த்துக்கொள் என்பது அதன் கணக்கு. வீசும் முன் 'செட் ரோல்பேக் ஒன்லி'யைக் கூப்பிடலாம். அல்லது எக்ஸெப்ஷன் கிளாஸின் மேலேயே 'அப்ளிகேஷன் எக்ஸெப்ஷன்' அன்னோட்டேஷன் போட்டு ரோல்பேக்கை 'ட்ரூ' ஆக்கலாம். நான் இரண்டாவது கட்சி. ஒருமுறை எழுதினால் போதும், வீசுகிற இடத்திலெல்லாம் நினைவு வைத்திருக்க வேண்டாம்.

'யூசர் டிரான்ஸாக்‌ஷன்' வாங்கி பிகின், கமிட் என்று நீயே நடத்துவது, ஒரே மெத்தடுக்குள் பலமுறை கமிட் செய்ய வேண்டியபோதுதான். லட்சம் கணக்குகளுக்கு வட்டி போடும் இரவு வேலையை ஒரே டிரான்ஸாக்‌ஷனில் ஓட்டினால் லாக்குகள் முடியும்வரை விடுபடாது. டைம்அவுட் ஆனால் செய்த அத்தனையும் போகும். ஆயிரம் ஆயிரமாகப் பிரி. எதுவரை முடிந்தது என்பதையும் அதே டிரான்ஸாக்‌ஷனில் எழுதிவை. இல்லாவிட்டால் மறுபடி ஓட்டும்போது சிலருக்கு இரண்டு முறை வட்டி ஏறும். ஸ்டேட்லெஸ் பீனில் தொடங்கிய டிரான்ஸாக்‌ஷனை அந்த மெத்தட் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதும் விதி.

நீ எழுதியிருக்கும் மெத்தடை அனுப்பு. கேட்ச் பிளாக்குகளைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
சித்தப்பா