தண்டு தப்பினால் போதும்

ஊட்டியில் மிளகாய் வளர்க்கிறேன் என்றால் நம்பாதவர்கள்தான் அதிகம். கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் விளையும் மண்ணில் மிளகாய்க்கு மட்டும் கீழ்நாட்டு லாரியை எதிர்பார்ப்பதுதான் இங்கே வழக்கம். நான் வளர்ப்பதோடு, வருஷா வருஷம் புதிதாக விதைக்காமல் ஒரே செடியைப் பல குளிர்காலம் தாண்ட வைக்கிறேன். மிளகாய் இயல்பிலேயே பல ஆண்டு வாழும் செடி. சமவெளியில் காய்ப்பு குறைந்ததும் பிடுங்கிவிட்டு அடுத்த பயிர் வைக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அதன் ஆயுளே அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டோம்.

பழைய செடியைக் காப்பதற்கு இந்த மலையில் ஒரு தனிக் காரணம் உண்டு. மிளகாய் விதை சீக்கிரம் முளைக்க 25 டிகிரி வெப்பமாவது வேண்டும். பிப்ரவரிக் குளிரில் விதைத்தால் முளை எட்டிப்பார்க்கவே வாரக்கணக்கில் ஆகிறது. அந்த நாற்று தட்டுத்தடுமாறி வளர்ந்து மொட்டு வைக்கும்போது ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். நாள் முழுக்கச் சாரல், மூடுபனி. தேனீ வெளியே வராது, பூவெல்லாம் கொட்டிப்போகும். போன வருஷத்துச் செடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேர் தயாராக இருப்பதால் மார்ச்சில் துளிர்த்து, ஏப்ரல் வெயிலில் பூத்து, மழைக்கு முன்பே காய் பிடித்துவிடுகிறது. மலைத் தோட்டத்தில் மிளகாய் பறிக்க வேண்டுமானால் முற்றிய அடித்தண்டு கையில் இருக்க வேண்டும்.

எந்த மிளகாய் என்பதும் முக்கியம். சமவெளியின் சம்பா, குண்டு ரகங்களைத் திறந்தவெளியில் நட்டு ஊட்டிக் குளிரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. காந்தாரி பல ஆண்டு நிற்கும், ஆனால் குளிர் ஆகாது. தொட்டியில் வைத்து, பனி மாதங்களில் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். மண்ணில் நிற்க எனக்குப் பிடித்தது ரொக்கோட்டோ. ஆண்டிஸ் மலைத்தொடரில் பெரு, பொலிவியா நாடுகளில் பழங்காலந்தொட்டு வளர்க்கப்படும் மிளகாய் இது. பெருவில் இதற்குப் பேர்போன அரெக்கிப்பா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240. இலையிலும் தண்டிலும் மெல்லிய ரோமம், ஊதா நிறப் பூ, சின்ன ஆப்பிள்போல உருண்ட காய். வெட்டினால் விதை கறுப்பாக இருக்கும். வேறெந்த நாட்டு மிளகாயிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. சதை தடிமன் என்பதால் உலர்த்தி வற்றல் போட முடியாது, பச்சையாகவே சமைக்க வேண்டும். காரம் தாராளம். வெளியே 5 டிகிரி இருந்தாலும் இந்தச் செடி சோர்வதில்லை, கோவை வெயிலில்தான் சோர்ந்துவிடும். தனிச்செடியாக வைத்தால் சில சமயம் காய் பிடிப்பது குறையும். வெவ்வேறு காயிலிருந்து எடுத்த விதையில் இரண்டு செடியாவது அருகருகே வையுங்கள்.

ஆனால் உறைபனி பட்டால் ரொக்கோட்டோ இலையும் கருகத்தான் செய்யும். குளிர் வேறு, உறைபனி வேறு. மேகமூட்டமான ராத்திரியில் எவ்வளவு குளிர்ந்தாலும் நான் நிம்மதியாகத் தூங்குவேன். காற்றில்லாமல் வானம் துடைத்துவிட்டதுபோல் நட்சத்திரம் தெரிந்தால்தான் கவலை. பகலில் மண் வாங்கிய சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். தரையை ஒட்டிய குளிர்காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காந்தல், தலைகுந்தா, குதிரைப்பந்தய மைதானம் என்று பள்ளமான இடங்களில் புல் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். வாசலில் மாட்டிய வெப்பமானி 3 டிகிரி காட்டும் காலையிலும் புல்லின் மேல் பனி உறைந்திருக்கும். அளவைச் செடியின் உயரத்தில் பாருங்கள். தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் மிளகாயை வைக்காதீர்கள். தெற்கோ மேற்கோ பார்த்த சுவரை ஒட்டி நட்டால், பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சுவர் ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும். கிழக்குச் சுவர் வேண்டாம். உறைந்த இலையில் விடிந்ததும் சுரீரென்று வெயில் விழுவது மிகவும் கெடுதல்.

மூடுவதை நான் கற்றது தாவரவியல் பூங்காவைப் பார்த்து. நவம்பரில் அங்கே மலர் நாற்றுகளுக்கு மேல் மிலாறு தழையை வெட்டி வந்து கூடாரம் போல வேய்வார்கள். புல்வெளியில் உறைந்த பனியைக் கழுவ விடியற்காலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நான் கிளை கிளையாகத் துணி சுற்றுவதைப் பார்த்து, "இலைக்கு ஏம்மா இவ்வளவு பாடு? அடித்தண்டு தப்பிச்சாப் போதும், மிச்சத்தை அது பாத்துக்கும்" என்றார். அன்றிலிருந்து என் வேலை பாதியாகிவிட்டது.

அடியிலிருந்து ஒரு முழ உயரத்துக்குச் சருகைக் குவித்து, சரியாமல் இருக்கக் கோழிவலையை வளையமாகக் கட்டுகிறேன். நான்கு குச்சி நட்டு, சாயங்காலம் சாக்கைப் போர்த்தி, ஓரம் தரையைத் தொட இழுத்துவிடுகிறேன். மண்ணிலிருந்து எழும் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் போர்வையின் வேலை. ஓரம் அந்தரத்தில் தொங்கினால் அந்தச் சூடு நிற்காது. பிளாஸ்டிக் தாளை இலையில் படும்படி போடாதீர்கள். அது பட்ட இடமெல்லாம் கருகும். வெயில் ஏறியதும் போர்வையை எடுத்துவிட வேண்டும். தண்ணீரைக் காலையில் மட்டும், மண் காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். குளிர்ந்த சேற்றில் வேர் அழுகிச் சாகும் செடிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அக்டோபருக்குப் பிறகு சாணி உரம் வேண்டாம். தளதளவென்று வரும் இளந்துளிர்தான் பனியில் முதலில் போகும்.

கவாத்து விஷயத்தில் அவசரம் கூடாது. தரையில் நிற்கும் செடியைப் பனிக்கு முன் வெட்டினால் துளிர்விட ஆரம்பித்துவிடும். கருகிய மேல் இலைகூடக் கீழ்க்கிளைக்குக் கூரைதான், அப்படியே விட்டுவிடுங்கள். தொட்டிச் செடிக்கு நேர்மாறாக, உள்ளே எடுக்கும்போதே பாதிக்குமேல் கழித்து, வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த நீரை இலைக்கு அடியில் படும்படி தெளிக்க வேண்டும். வீட்டுக்குள் அசுவினியைத் தின்ன பொறிவண்டு வராது. ஓர் அசுவினி உள்ளே போனாலும் ஒரு மாதத்தில் செடி முழுக்கப் பிசுபிசுத்துவிடும். ஜன்னலோரம் வெளிச்சமும் இரண்டு நாளைக்கு ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்ப்பதும் போதும். அடுப்படிச் சூட்டில் வைக்காதீர்கள். இலை சுருட்டை நச்சுநோய் கண்ட செடியை மட்டும் எவ்வளவு ஆசையாக வளர்த்திருந்தாலும் குளிருக்கு முன்பே பிடுங்கி எரித்துவிடுங்கள். அதைக் காப்பாற்றினால் அடுத்த வருஷம் தோட்டம் முழுவதற்கும் பரவும்.

ஜனவரியில் பெரும்பாலான செடிகள் செத்ததுபோலவே தெரியும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று எந்த மலையில் இருந்தாலும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: மார்ச் முடியும்வரை பிடுங்காதீர்கள். அடித்தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். எங்கே பச்சை தெரிகிறதோ அதற்கு ஒரு விரற்கடை மேலே வெட்டிவிட்டு, இரண்டு கை மக்கிய எருவைப் போட்டுக் காத்திருங்கள்.