கைக்கேற்ற விளக்குமாறு



விளக்குமாறு விற்காத பலசரக்குக் கடை நம்மவரிடையே அரிது. ஐந்தடிப் பாதைத் தூணோரம் கட்டுக்கட்டாகச் சாத்தி வைக்கிறோம். வாங்க வருபவர் விலை கேட்கிறார். நாமும் விலை சொல்கிறோம். அவருடைய கை எப்படிப்பட்டது, முதுகு வளையுமா, கண் தெரியுமா என்பதை நாம் விசாரிப்பதில்லை. ஏன் விசாரிக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

நம் கடையில் நேர்ந்த ஒரு பிழையை முதலில் ஒப்புக்கொள்கிறோம். நெடுநாள் வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர், பக்கவாதத்தால் வலக்கை விழுந்துபோனவர், தரை துடைக்கும் மாப்பு ஒன்று கேட்டார். இருந்ததிலேயே விலை உயர்ந்ததை எடுத்துக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். “பாய், மாப்பு நல்ல மாப்புத்தான். ஆனால் முறுக்கிப் பிழிய இன்னொரு கை வேண்டியிருக்கிறதே! மருமகள் வேலை முடிந்து வரும்வரை வாளியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்” என்றார்.

பிடியைக் கீழ்நோக்கி அழுத்தினால் கூடை தானே சுழன்று நீரை உதறும் மாப்பு வாளி அப்பொழுது நம் பின்னறையிலேயே இருந்தது. அதற்கு ஒரு கை போதும். சரக்கு இருந்தும் அதைச் சொல்லத் தெரியாமற்போனது நம் குறை. மருமகளுக்காகக் காத்திருந்த அந்த ஒரு வாரமும் அந்த அம்மாள் தம் வீட்டிலேயே விருந்தாளியைப்போல் இருந்திருக்கிறார் என்பது நமக்குப் பிறகுதான் உறைத்தது.

ஆகவே, வாடிக்கைக்காரரின் தேவையை நான்கு வகையாகப் பிரித்து அறிந்துகொள்வோம்.

1. ஒரு கை மட்டுமே உதவுவோர்

இவர்களுக்கு வேண்டியது, மற்றக் கையின் வேலையைச் செய்யும் பொருள். கழுவுதொட்டியின் சுவரில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் அடிப்பாகமுள்ள தூரிகை ஒன்று உண்டு. கண்ணாடிக் குவளையை அதன்மேல் கவிழ்த்துத் திருப்பினால் உட்புறம் சுத்தமாகிவிடும். வழுக்காத ரப்பர் விரிப்பின்மேல் தட்டை வைத்தால், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாம். நிமிர்ந்து நிற்கும் நீண்ட காம்புக் குப்பை முறமும் இவ்வகைக்கு ஏற்றது. காலால் மிதிக்கும் மாப்பு வாளியைக் காட்டுமுன், அவர் மற்றக் காலில் உறுதியாக நிற்கக்கூடியவரா என்று பார்க்க வேண்டும். பக்கவாதம் கையோடு காலையும் பாதிப்பதுண்டு.

2. பிடி தளர்ந்தோர்

மூட்டுவாதம் உள்ளவருக்கு மெல்லிய காம்பு பகையாகும். காம்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு இறுக்கமாக விரல்களை மடக்க வேண்டும். வலி அங்கேதான் பிறக்கிறது. தடித்த, மெத்தென்ற, நனைந்தாலும் வழுக்காத பிடியே நல்லது. குளிர்சாதனக் குழாய்க்குச் சுற்றும் நுரைரப்பர் உறையில் ஒரு சாண் வெட்டிக் காம்பில் மாட்டினாலும் போதும், செலவு சொற்பமே. விரலால் விசையிழுக்கும் தெளிப்பான் போத்தலும் இவர்களுக்குத் துன்பந்தான். மேலிருந்து உள்ளங்கையால் அழுத்தும் பம்புப் போத்தலைக் காட்டுங்கள்.

3. குனிய இயலாதோர், சக்கர நாற்காலியில் இருப்போர்

நீண்ட காம்பு உதவும். எனினும் ஓர் எச்சரிக்கை: காம்பு நீள நீள, நுனியிலுள்ள சிறு பாரமும் கைக்குப் பெரும் பாரமாகத் தோன்றும். ஆதலால் நீளத்துடன் இலேசும் வேண்டும். நீட்டிச் சுருக்கும் அலுமினியக் காம்பில் பொருத்திய தட்டை மாப்பு, உட்கார்ந்திருப்பவருக்கும் நிற்பவருக்கும் அளவாகும். கீழே விழுந்த பொருளை எடுக்க இடுக்கிபோல் வாய்மூடும் எட்டுக்கோல் உண்டு. நிறைந்த வாளியைத் தூக்குவதைவிட, சக்கரம் வைத்த வாளியில் பாதி நீர் நிரப்பித் தள்ளுவது மேல்.

தானே ஓடித் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் 2002-இல் ரூம்பா என்ற பெயரில் அதனை விற்கத் தொடங்கியபின் இவ்வகை இயந்திரங்கள் பெருகின. நல்ல உதவிதான். ஆனால் உயரமான வாசற்படியை அது ஏறாது. தரையில் கிடக்கும் மின்கம்பியில் சிக்கும். பல இயந்திரங்களின் குப்பைப் பெட்டியைக் குனிந்து எடுத்துக் காலி செய்ய ஆள் வேண்டும். இவற்றை மறைத்து விற்றால் மறுவாரமே சரக்குத் திரும்பி வரும்.

4. பார்வையற்றோர்

கண் தெரியாதவர் எப்படிப் பெருக்குவார் என்று கேட்பவர் ஒரு செய்தியை அறிய வேண்டும். அமெரிக்காவில் 1938-இல் வந்த வாக்னர்–ஓடே சட்டம், பார்வையற்றோர் செய்த பொருள்களை அரசாங்க அலுவலகங்கள் வாங்க வகை செய்தது. அவ்வாறு வாங்கப்பட்ட தொடக்ககாலச் சரக்குகளில் விளக்குமாறும் மாப்பும் இருந்தன. விளக்குமாற்றையே செய்பவர்களுக்குப் பெருக்குவது பெரிதன்று. சுவரோரம் தொடங்கி, ஒரு பட்டையின்மேல் அடுத்த பட்டை சற்றே படியும்படி வரிசையாகப் பெருக்கி, வெறுங்காலால் மண்ணைத் தடவி அறிகிறார்கள். தரையோடு ஒட்டிப் படியும் ரப்பர் விளிம்புள்ள முறம் அவர்களுக்கு மிகவும் பயன்படும்.

அவர்களுக்கு ஆபத்து இருப்பது போத்தலில். பிளீச்சும் கழிவறை கழுவும் ஆசிட்டும் தொட்டுப் பார்க்க ஒன்றுபோலவே இருக்கலாம். இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். ஆகவே விற்கும்பொழுதே, அவரிடம் கேட்டுக்கொண்டு, ஒன்றின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையமும் மற்றதில் இரண்டும் மாட்டிக் கொடுங்கள். ஜப்பானில் காவோ நிறுவனம் 1991-இல் தலைகழுவும் ஷாம்பூப் போத்தலில் விரலுக்குத் தட்டுப்படும் வரிகளை அமைத்தது. பிற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. தலையில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டிருக்கும் எவருக்கும் அவ்வரிகள் உதவுகின்றன அன்றோ! பெரிய கலனிலிருந்து பழைய பானப் போத்தலில் சோப்பு நீரையோ பிளீச்சையோ ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் எந்தக் கடையிலேனும் இருந்தால், அதை இன்றே நிறுத்த வேண்டும்.

வியாபாரத்துக்கு இதனால் என்ன லாபம்?

இது நியாயமான கேள்வியே. அமெரிக்க வணிகர் சாம் ஃபார்பர், மூட்டுவாதத்தால் தம் மனைவி பெட்சி காய்கறித் தோல் சீவ வருந்துவதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த எண்ணமே தடித்த ரப்பர்ப் பிடி. 1990-இல் அவர் தொடங்கிய ஆக்ஸோ நிறுவனம் அப்பிடியுடன் சமையலறைக் கருவிகளை விற்றது. நோயில்லாதவரும் அவற்றையே விரும்பி வாங்கினர். பிற்காலத்தில் அந்நிறுவனம் தூரிகைகளும் விற்கலாயிற்று. வலியுள்ள கைக்குச் சுகமானது, வலியில்லாத கைக்கும் சுகமாகவே இருக்கும். இன்றைய வாடிக்கைக்காரர் நாளை முதுமை அடைவார், நாமும் அடைவோம்.

கடையில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கட்டுப் பிரித்து, தொட்டுப் பார்க்க வெளியே வையுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். ஐந்தடிப் பாதையை மூட்டைகளால் அடைக்காதீர்கள். அவர் கடைக்குள் வர முடியாவிட்டால் மற்றவை வீணே. துணைக்கு வந்தவரிடம் பேசாமல், பயன்படுத்தப் போகிறவரிடமே கேளுங்கள். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். “உங்களுக்கு என்ன குறை?” என்று கேட்கலாகாது; “எந்த வேலை சிரமமாயிருக்கிறது?” என்று கேட்கலாம்.

அந்த அம்மாள் சுழல் வாளியை வாங்கிச் சென்ற மறுமாதம் கடைக்கு வந்தார். நாம் வாளியைப் பற்றி விசாரித்தோம். “நேற்று மருமகள் வருமுன் கூடம் முழுவதும் துடைத்து வைத்துவிட்டேன், பாய்” என்று சொல்லிவிட்டு, அரிசி விலை கேட்டார்.

அடுத்தமுறை ஒருவர் விளக்குமாறு கேட்டு வந்தால், விலையைச் சொல்லுமுன் அதை அவர் கையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.